மான் அறியாத வெளிச்சம்

புகைப்படத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் மனித முகங்களைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறார்கள். எடுப்பவன் பக்கத்தில் இல்லாமலே எடுக்கப்பட்ட படங்களுக்கு வேறொரு சரித்திரம் இருக்கிறது. அதை ஒரு மானிலிருந்து தொடங்கலாம் என்று எனக்குப் படுகிறது.

ஜார்ஜ் ஷைராஸ் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வக்கீல். 1903 முதல் 1905 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இருந்தவர். சிறு வயதிலிருந்தே மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதிக் காடுகளில் வேட்டையாடி வந்தார். அங்கே ஒஜிப்வே பழங்குடிகளிடமிருந்து வந்த முறை ஒன்று உண்டு. இரவில் படகின் முன்முனையில் தீ எரியும். கரைக்கு வந்த வெள்ளைவால் மான் அந்தத் தீயையே பார்த்தபடி அசையாமல் நிற்கும். தீக்குப் பின்னால், இருளில் இருப்பவன் அதன் கண்களின் மினுக்கத்தைக் குறியாக வைத்துச் சுடுவான். ஷைராஸ் இதில் ஒன்றை மட்டும் மாற்றினார். படகும் இருளும் மானும் அப்படியே இருக்க, துப்பாக்கியின் இடத்தில் காமிரா வந்தது. பிறகு அவரும் விலகிக்கொண்டார். கயிற்றைக் கட்டிவைத்து, மிருகமே அதை இழுத்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளச் செய்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் அவருடைய 74 படங்கள் பிரசுரமாயின. அவர் எடுத்த படங்களுள் ஒளிவெடிப்பில் மிரண்டு துள்ளும் மான்களும் உண்டு. தான் பார்க்கப்பட்டதை மான் உணர்ந்ததும் அந்தப் படத்தில் பதிவாகியிருக்கிறது.

இந்தியாவில் இதைச் செய்தவர் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன். சிவாலிக் அடிவாரக் காடுகளில் புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி அவர் எடுத்த படங்கள் 1927இல் புத்தகமாக வந்தன. புலிக்குப் புலி வரிகள் வேறுபடுவதை அவர் கவனித்திருந்தார். 1990களில் உல்லாஸ் காரந்த் நாகரஹொளேயில் அந்த வேறுபாட்டைக் கொண்டே புலிகளின் தொகையைக் கணக்கிட்டார். பார்ப்பது எண்ணுவதாயிற்று. அதன் பயனை நான் மறுக்கவில்லை.

இன்று அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புற மரங்களில் கையடக்கமான காமிராவைக் கட்டிவைக்கிறார்கள். நகரும் உடற்சூட்டை உணர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் அது படமெடுக்கிறது. வீட்டுக்காரர் காலையில் போனில் பார்க்கிறார்: மான், ரக்கூன், நரி. சில மிருகங்கள் நிமிர்ந்து பார்ப்பதுண்டு. பல மேய்ந்தபடியே இருக்கும். ஷைராஸின் மானிடமிருந்த அந்தத் துள்ளல் இங்கே இல்லை. பார்ப்பவன் தொந்தரவு செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் தான் பார்க்கப்படுகிறோம் என்று அறியும் வாய்ப்பும் கூடவே பறிபோயிற்று.

இது மானோடு நிற்கவில்லை. சாம்பியன் அலைந்த அதே அடிவாரத்தில், கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய கிராமங்களைப் பற்றி 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள் போகும் பெண்கள், மிருகங்கள் விலகிப் போகட்டும் என்று உரக்கப் பாடிக்கொண்டே நடப்பது வழக்கம். காமிராக்கள் வந்தபின் அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒதுங்கிய இடத்தில் ஒரு பெண் படமாகி, அந்தப் படம் ஊரில் சுற்றியும் வந்தது. புலியை எண்ண வைத்த கருவி, புலியிடமிருந்து காத்த பாட்டை நிறுத்தியது.

வேட்டைக்காரனின் தீ மானுக்குத் தெரிந்தது. அதை அறம் என்று சொல்லமாட்டேன். அது கொல்வதற்கான தீ. ஆனாலும் இந்தச் சரித்திரத்தைக் கருவியின் வளர்ச்சியாக மட்டும் எழுத என்னால் முடியவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும், பார்க்கப்படுகிறவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.