புதிய கல்வித் திட்டங்கள் வேரூன்றுவது எவ்வாறு? – நம் நாட்டின் மூன்று திட்டங்கள் கூறும் பாடம்



2027ஆம் ஆண்டில் புதிய பள்ளிக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வரும் என்று மலேசியக் கல்வி அமைச்சு அறிவித்துள்ளது. புதிய திட்டம் என்றதும் ஆசிரியர் அறையில் எழும் முதற்கேள்வி, "இது எத்தனை ஆண்டுகளுக்கு?" என்பதுதான். இக்கேள்வி சோம்பலால் எழுவதன்று, பட்டறிவால் எழுவது. கடந்த நாற்பது ஆண்டுகளில் நம் தொடக்கப்பள்ளிகள் கண்ட மூன்று பெரும் மாற்றங்களைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

முதலாவது: கே.பி.எஸ்.ஆர்.

1974இல் அமைக்கப்பட்ட அமைச்சரவைக் குழு, நாட்டின் கல்விக் கொள்கை நடைமுறையை ஆராய்ந்து 1979இல் தன் அறிக்கையை வெளியிட்டது. தொடக்கக் கல்வி வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய அடிப்படைத் திறன்களுக்கு முதலிடம் தர வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. அதன் விளைவாகப் பிறந்ததே தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம். குழுமுறைக் கற்றல், பின்தங்கிய மாணவர்களுக்குக் குறைநீக்கல் போதனை, விரைந்து கற்போருக்கு வளப்படுத்தும் நடவடிக்கை ஆகியவை வகுப்பறைக்குள் வந்தன.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, அது வந்த முறையே. 1982இல் 302 பள்ளிகளில் மட்டும் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. 1983இல் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் முதலாம் ஆண்டில் தொடங்கியது. பிறகு ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 1988இல்தான் ஆறாம் ஆண்டை எட்டியது. அவ்வாண்டே முதல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் நடைபெற்றது. தேர்வு திட்டத்திற்கு முன்னால் ஓடவில்லை. அதன் பின்னாலேயே வந்தது!

சோதனைக் காலம் வீண் போகவில்லை. சீனப்பள்ளிகளுக்கான துணைப்பொருள்கள் பல மலாய்மொழியில் அமைந்ததைச் சீனச் சமூகம் 1982 தொடக்கத்தில் வன்மையாக எதிர்த்தது. திட்டம் நாடெங்கும் பரவுவதற்கு முன்பே அச்சிக்கல் வெளிப்பட்டதால், அதனைத் தீர்க்க வழி பிறந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதன்மைப் பயிற்றுநர் சிலருக்குப் பயிற்சியளித்து, அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் முறையே அன்று கையாளப்பட்டது. மேலிருந்து கீழே இறங்க இறங்கக் கருத்தின் அடர்த்தி குறைவது இம்முறையின் இயல்பு. மேசைகளைக் குழுவாகச் சேர்த்துவிட்டுப் போதனையைப் பழைய முறையிலேயே தொடர்ந்த வகுப்புகளும் உண்டு. ஆயினும் 1993இல் 'ஒருங்கிணைந்த' எனப் பெயர் மாற்றமும் திருத்தமும் பெற்று, 2011இல் கே.எஸ்.எஸ்.ஆர். வரும்வரை அத்திட்டம் நிலைத்தது. என் தலைமுறையினர் அதன் மாணவர்களே.

இரண்டாவது: அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில்

2002ஆம் ஆண்டு ஜூலையில் முடிவெடுக்கப்பட்ட இத்திட்டம், 2003 ஜனவரியில் வகுப்பறைக்கு வந்துவிட்டது. இடைவெளி ஏறத்தாழ ஆறே மாதங்கள்! முதலாம் ஆண்டு, படிவம் 1, புகுமுக வகுப்பு ஆகிய மூன்றிலும் ஒரே நேரத்தில் தொடங்கியது. ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, குறுகிய காலப் பயிற்சி, ஊக்கத்தொகை ஆகியவை வழங்கப்பட்டன. அமைச்சு பணத்தைச் செலவிடத் தயங்கவில்லை, காலத்தைத்தான் செலவிடவில்லை.

சீனப்பள்ளிகள் சீனம், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் அப்பாடங்களைக் கற்பித்தன. தமிழ்ப்பள்ளிகளிலோ அவை ஆங்கிலத்திற்கு மாறின. 'பின்னம்', 'பெருக்கல்', 'வகுத்தல்' என்று தமிழிலேயே சிந்தித்துக் கற்பித்த ஆசிரியர், ஓர் ஆண்டு விடுமுறைக்குப் பின் வேறொரு மொழியில் அவற்றை விளக்க வேண்டியிருந்தது. வீட்டில் பாடம் சொல்லித் தந்த பெற்றோர் பலருக்கும் அவ்வாய்ப்பு கைநழுவியது.

2009 ஜூலை 8ஆம் நாள், இத்திட்டம் 2012 முதல் கட்டங்கட்டமாகக் கைவிடப்படும் என அறிவிக்கப்பட்டது. நகர்ப்புற, உட்புற மாணவர்களின் அடைவில் இடைவெளி பெருகியதும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. ஆங்கிலம் தேவை என்பதை எவரும் மறுக்கார். நோக்கம் நல்லதாயிருப்பது மட்டும் போதாது என்பதே இங்கு நாம் பெறும் பாடம்.

மூன்றாவது: பள்ளிசார் மதிப்பீடு

2011இல் கே.எஸ்.எஸ்.ஆர். திட்டத்தோடு பள்ளிசார் மதிப்பீடும் வந்தது. ஒரு நாள் தேர்வால் குழந்தையை அளவிடாமல், அன்றாடக் கற்றலைக் கொண்டு அளவிட வேண்டும் என்பது போற்றத்தக்க எண்ணமே. ஆனால், ஒவ்வொரு மாணவரின் அடைவையும் சான்றுகளோடு கோப்பில் சேர்த்துக் கணினியில் பதிவிடும் பணி ஆசிரியரின் நேரத்தை விழுங்கியது. ஆசிரியர்களின் குரல் ஓங்கி ஒலித்தபின், 2014இல் அமைச்சு அப்பதிவுப் பணிகளைக் குறைத்து முறையைச் சீரமைத்தது. கைவிடாமல் திருத்தியதால்தான் அத்திட்டம் பிழைத்தது.

எனினும் யு.பி.எஸ்.ஆர். இருந்தவரையில் பெற்றோரின் கண் 'ஏ' எண்ணிக்கையிலேயே இருந்தது. 2021இல் அத்தேர்வு அகற்றப்பட்ட பிறகே வகுப்பறை மதிப்பீட்டுக்கு உரிய இடம் கிடைத்தது. "தேர்வே இல்லையென்றால் என் பிள்ளையின் நிலையை எப்படி அறிவது?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு அடைவுநிலை 1 முதல் 6 வரை என்ன பொருள் என்று பொறுமையாக விளக்குவது பள்ளியின் கடமை.

நாம் செய்யக்கூடியவை

'பதறாத காரியம் சிதறாது' என்பர் நம் முன்னோர். சோதனைக்குக் காலம், ஆசிரியருக்கு உண்மையான பயிற்சி, குறையைக் கேட்கும் செவி, திட்டத்தோடு ஒத்துப்போகும் தேர்வு – இந்நான்கும் கூடியபோது மாற்றம் வேரூன்றியது; ஒன்று குறைந்தபோதும் தள்ளாடியது.

கொள்கையை வகுப்பது நம் கையில் இல்லை. ஆயினும் ஒரு பள்ளி தன்னளவில் சிலவற்றைச் செய்யலாம். புதிய முறையை முதலில் ஒரு வகுப்பில், ஒரு பாடத்தில் செய்து பார்க்கலாம். பயிற்சிக்குச் சென்று வந்தவர் குறிப்புகளை மட்டும் பகிராமல், மாதிரிப் பாடம் ஒன்றை நடத்திக் காட்டலாம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத் தவணை முடிவில் அச்சமின்றிப் பேசலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நிதிக்கணக்கோடு கலைத்திட்டத்தையும் விவாதிக்கலாம்.

பெற்றோர்களே, புதிய பாடநூல் கைக்கு வந்ததும் "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதற்கு முன், "இதில் என் பிள்ளை என்ன செய்யக் கற்கிறான்?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அக்கேள்வி ஆசிரியரையும் சிந்திக்க வைக்கும்.

திட்டங்கள் புத்ராஜெயாவில் பிறக்கலாம்; அவை வாழ்வதும் வீழ்வதும் நம் வகுப்பறைகளில்தான். சிந்திப்போம், செயல்படுவோம்!