ஓல் என்னும் ஒரு வால்

சென்னை பெட்ரோல் என்று எழுதுவதைக் கொழும்பு பெற்றோல் என்று எழுதுகிறது. எழுத்துப் பிழை என்று எண்ணித் திருத்த முனையும் கடல் கடந்த அன்பர்களைப் பார்த்து வெள்ளவத்தை சிரிக்க நியாயமுண்டு. டகர ஒற்றை அடுத்து ரகரம் நிற்பது தமிழுக்கு என்றுமே உவப்பில்லாத மயக்கம். றகர ஒற்றோ தன் இனத்தோடு இயல்பாகக் கூடி வாழ்வது. நுனிநாக்கு மேலண்ணத்தை ஒற்றிப் பிறக்கும் அந்த ற்ற, ஈழத்து நாவில் இன்றும் பழைய உறுதியோடு ஒலிப்பதால், ஆங்கிலத்து நுனிநா ஒலி வந்த இடத்திலெல்லாம் மீற்றர், லீற்றர், சிகரெற் என்று அதை அமர்த்திக்கொண்டோம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: ற்றவை ‘ற்ர’ என ஒலிக்கும் மதுரைக்காரர் பெற்றோலைப் படித்தால் ஆங்கிலத்து ரகரமும் தானாக வந்துவிடும். ஓர் எழுத்துக்கூட்டல் இரண்டு கரைக்கும் ஈடுகொடுக்கிறது.

இனி அதன் உள்ளே போவோம். பெற்றோல் என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் லண்டனில் கார்லெஸ், காப்பெல், லெனார்ட் என்ற நிறுவனம் தான் விற்ற எண்ணெய்க்குச் சூட்டிய வணிகப் பெயர். அதன் தாய் பெற்றோலியம். பெற்றா என்றால் பாறை, ஓலியம் என்றால் எண்ணெய், ஆகவே பாறையெண்ணெய். ஆனால் அந்த ஓலியத்தை இன்னும் ஒரு தோல் உரித்தால் உள்ளே இருப்பது ஒலிவம் என்ற மரம். ஒலிவக் காயைப் பிழிந்து எடுத்த நெய்க்கு மட்டும் உரிய பெயர், மத்தியதரைக் கடலோரத்தில் மெல்ல மெல்ல எல்லா நெய்ப்பொருளுக்கும் பொதுவாகி, கடைசியில் பாறைக்குள் ஊறியதையும் அணைத்துக்கொண்டது.

தமிழ் நடந்ததும் அதே வழிதான். எள் கூட்டல் நெய், எண்ணெய். எள்ளின் நெய்யையே குறித்த சொல் தன் பிறப்பை மறந்து அகன்றதால்தான், தேங்காய்க்கும் எள்ளுக்கும் எந்த உறவும் இல்லாதிருக்கத் தேங்காயெண்ணெய் என்கிறோம். மண்ணுக்கு அடியில் கிடந்ததை மண்ணெண்ணெய் என்கிறோம். எள்ளுக்கோ சொந்தப் பெயர் பறிபோய், நல்லெண்ணெய் என்று புதிதாக ஒன்று தேட வேண்டியதாயிற்று. அங்கே ஒலிவம், இங்கே எள்: ஒரு காயும் ஒரு விதையும் இரண்டு மொழிகளில் உலகத்து எண்ணெய்க் கிணறுகளுக்கெல்லாம் பெயர் ஈந்திருக்கின்றன. தனித்தமிழ் அன்பர்கள் பெற்றோலுக்குக் கன்னெய் என்று ஆக்கியிருக்கும் சொல்லைப் பாருங்கள். எள்ளும் நெய்யும் எண்ணெயான அதே புணர்ச்சியில் கல்லும் நெய்யும் கன்னெய் ஆகிறது. செவிக்கு இனிய சொல்தான், ஆயினும் கொட்டாஞ்சேனையில் கன்னெய் கேட்டால் கன்னத்தைப் பார்ப்பார்கள்.

பெற்றோலின் வாலில் நிற்கும் ஓல், ஆக, ஒலிவத்தின் மிச்சம். இப்போது அதே வாலோடு இன்னொருவர் வந்து அதே தாங்கிக்குள் இறங்க நிற்கிறார். எதனோல் என்று நம் பள்ளிப் பாடநூல்களும், எத்தனோல் என்று நம் செய்தித்தாள்களும், எத்தனால் என்று தமிழ்நாடும் எழுதும் அவருடைய ஓல் எண்ணெயின் ஓல் அன்று. அது அற்ககோல் என்ற சொல்லின் வால். 1892இல் ஜெனீவாவில் கூடிய இரசாயனவியலாளர் அந்தக் குலத்துப் பொருள் அனைத்துக்கும் ஓல் என்று முடியும் பெயர்களை விதித்தபோது, பழைய ஓலும் புதிய ஓலும் ஒலியளவில் ஒன்றாயின. தமிழ்நாடு ஒன்றை ரோல் என்றும் மற்றதை னால் என்றும் எழுதுவதால் அங்கே இந்த மயக்கம் கண்ணில் படுவதில்லை. நம் எழுத்தில்தான் இருவரும் இரட்டையர் போலத் தோன்றுகிறார்கள்.

அற்ககோல் பிறந்த இடம் கண்ணிமை. அரபு மொழியில் அல்-குஹ்ல் என்பது கண்ணுக்கு இடும் மைத்தூள். நம் முஸ்லிம் அன்பர்கள் சுருமா என்று வழங்குவதும் அதுவே. மிக நுண்ணிய தூள் என்ற பொருள், எதையும் அரைத்தோ வடித்தோ எடுத்த நுண்சத்து என்று விரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் பாரசெல்சசு திராட்சை மதுவின் சத்தை அப்பெயரால் அழைக்க, பிறகு மற்றச் சத்துகள் எல்லாம் பெயரை இழந்து மதுவின் சத்து ஒன்றே அதை வைத்துக்கொண்டது. இலங்கைத் தமிழ் இதற்கு ஆண்டுவரும் மதுசாரம் என்ற சொல், வடமொழி உறுப்புகளால் ஆனதே எனினும், அந்தப் பொருள் வரலாற்றை ஓரெழுத்தும் சிந்தாமல் சொல்லிவிடுகிறது: மதுவின் சாரம்.

முற்பாதியாகிய எத் இன்னும் சுவையானது. லீபிக் என்ற செருமானிய அறிஞர் 1834இல் ஆக்கிய எத்தில் என்ற பெயரிலிருந்து வந்தது அது. எத்திலுக்கு மூலம் ஈதர். ஈதருக்கு மூலமான கிரேக்க வினைக்குப் பொருள் எரிதல், சுடர்தல். அப்படியென்றால் எதனோலை வேரோடு பெயர்த்தால் கிடைப்பது ‘எரி’யும் ‘மை’யும். கிரேக்கம் அறியாத தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கு, வடித்து இறக்கிய கடுஞ்சாராயத்துக்கு எரிசாராயம் என்று தானாகவே பெயர் வைத்தது. எரிந்த, எரிகின்ற, எரியும் சாராயம். எஞ்சினுக்குள் போகத் தகுதியுள்ளது என்று அந்த வினைத்தொகை எப்போதோ சான்றிதழ் கொடுத்துவிட்டது. ஆனால் அக்கரைச் செய்தித்தாள்களில் எரிசாராயத்தின் பின்னால் பெரும்பாலும் ‘பறிமுதல்’ என்ற சொல் வருவதால், அதைப் பெற்றோல் செட்டின் பலகையில் எழுதக் கை கூசும்.

பெயரால் இரட்டையர், குணத்தால் வேறு. எண்ணெய்க் குலத்துப் பெற்றோல் நீரை அண்டவிடாது. மதுக் குலத்து எதனோலோ காற்றின் ஈரத்தைக்கூட இழுத்துக் குடிக்கும். கலவையில் நீர் ஓர் அளவை மீறினால், எதனோல் பெற்றோலின் கையை விட்டுவிட்டு நீரோடு சேர்ந்து தாங்கியின் அடியில் படிந்துவிடும். மரைன் டிரைவ் ஓரம் கடற்காற்றில் கிழமைக்கணக்காக வண்டியை நிறுத்திவைப்பவர் இதை எண்ணிப் பார்க்கலாம். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களையும் அது அரிக்கும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு அது நல்ல செய்தி. ஒரு லீற்றரில் கிடைக்கும் வெப்பமும் பெற்றோலினதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டுதான். மறுபக்கம், எஞ்சின் தட்டாமல் காக்கும் ஒக்டேன் அளவில் எதனோல் 100ஐத் தாண்டும். 2003இல் பெற்றோலில் நூற்றுக்கு 5 பங்கு எதனோல் என்று தொடங்கிய இந்தியா, 2022இல் 10ஐயும் 2025இல் 20ஐயும் எட்டியது இந்தக் கணக்குகளை எல்லாம் போட்டுப் பார்த்துத்தான். வண்டிக்காரரின் முணுமுணுப்பும் கூடவே வந்தது.

எத்தில் நம் தாங்கிக்குள் வருவது இது முதல் தடவையும் அன்று. 1924இல் அமெரிக்காவில் எத்தில் என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கி, எஞ்சின் தட்டலை அடக்கும் ஈயக் கூட்டுப்பொருளை அப்பெயரில் விற்றது. ஈயம் என்ற சொல்லை மறைப்பதற்கு அத்தனை அழகான பெயர்! 2002இல்தான் இலங்கை ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. நல்ல பெயருக்குள் நஞ்சும் இருந்து பார்த்துவிட்டது.

கலத்தல் என்ற வினையும் நம் கவனத்துக்குரியது. அரசு கலந்தால் கலப்பு, செட்காரர் கலந்தால் கலப்படம். பொருள் ஒன்றாகவே இருந்தாலும் விகுதி ஆளைப் பார்த்து மாறுகிறது. இரண்டிலும் சேராத ஒரு கலவையும் நம் நினைவில் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதைக் கலப்படம் என்று எவரும் வையவில்லை.

பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பின் கழிவுப்பாகிலிருந்து எதனோல் வடிகிறது. 2020 தொடக்கத்தில் அதன் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டது. கொழும்பு செட்களின் பலகையில் இன்று பெரும்பாலும் 92, 95 என்ற ஒக்டேன் எண்களே உள்ளன. கலவை ஒருநாள் வந்தால் என்னவென்று எழுதுவது? மதுசாரப் பெற்றோல் என்று எழுதினால் பொருள் செம்மை. ஆனால் முச்சக்கரவண்டிக்காரரின் பகிடிக்கு எல்லை இராது. என் வாக்கு எதனோலுக்கே, இரவல் சொல்லானாலும்.

பேச்சுமொழி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. காற்றுப் போலப் பம்பில் அடித்து ஏற்றிய காலத்திலிருந்து வண்டிக்குப் பெற்றோல் அடிக்கிறோம். தவறணைக்குப் போனவரும் தண்ணி அடிக்கிறார். கல்லின் நெய்க்கும் மதுவின் சாரத்துக்கும் தமிழ் ஒரே வினையை எப்போதோ ஒதுக்கிவிட்டது.