மேசைக்கு முன்பே வந்த சீட்டு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ஆட்டம்தான் மூத்தது. அதையே இணையத்தில் தட்டச்சு செய்து ஆடுவது பின்னால் வந்த நகல். பொதுவாக நாம் நினைப்பது இப்படித்தான். ஆனால் எழுதி ஆடும் பழக்கம்தான் முதலில் வந்தது, அதுவும் ராணுவத்தில்.

இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போன சதுரங்கத்தை 1780இல் பிரன்ஸ்விக் நகரத்து ஆசிரியர் ஹெல்விக், பீரங்கி, ஆறு, காடெல்லாம் சேர்த்துப் பெரிய போர் விளையாட்டாக்கினார். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் அதிலிருந்த கட்டங்களை ஒழித்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவர் மகன் 1824இல் புதிய விதிகளை வெளியிட்டார். இரு தரப்பும் நேரடியாகக் காய் நகர்த்தக் கூடாது. கட்டளையைச் சீட்டில் எழுதி நடுவரிடம் தர வேண்டும். அவர் படித்துப் பார்த்து, பகடை உருட்டி, எதிரியின் கண்ணில் படக்கூடிய படையை மட்டும் வரைபடத்தில் வைப்பார். ஒரு சுற்று, களத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சமம். 1870-71 போரில் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்றதும் மற்ற ராணுவங்களும் இதைக் காப்பியடிக்க ஓடின. அமெரிக்காவில் டாட்டன் என்ற அதிகாரி 1880இல் 'ஸ்ட்ராடெகோஸ்' என்று ஒரு புத்தகமே போட்டார்.

பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் புத்தகம் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் கையில் சிக்கியது. 1969இல் அவர் ஒரு கற்பனை ஜெர்மானிய ஊரை வைத்து ஆட்டம் அமைத்தார். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். சும்மா உட்கார வைக்க முடியுமா? ஊர்த் தலைவர், வங்கிக்காரர் என்று வேடங்களைப் பிரித்துக் கொடுத்தார். நடுவில் இருவர் வந்து, எங்களுக்குள் துவந்த யுத்தம், நீயே தீர்ப்புச் சொல் என்றார்கள். அதற்கு விதியே கிடையாது. அங்கேயே ஒன்றை உண்டாக்கினார். ஆட்டம் குட்டிச்சுவராகிவிட்டதென்று அவர் நொந்துபோக, ஆடியவர்களோ இன்னொரு முறை வேண்டுமென்றார்கள். அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னெசன், கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கொண்டுவந்தார். முதலில் அச்சானது 1000 பிரதிகள்தான். அடுத்த ஆண்டே அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே, அந்த விதிகள் தலைவலி என்று சாதாரணப் பகடையை வைத்து, 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' என்ற தன் ஆட்டத்தை வெளியிட்டுவிட்டார்.

மேசையிலிருந்து இந்த வகை ஆட்டம் கம்பிக்குப் போனதற்குக் காரணம் ஒரு விவாகரத்து. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் ஊறியவரும் குகை ஆய்வாளருமான வில் கிரௌதர், பிரிந்திருந்த மகள்களுக்காக, கென்டக்கியின் மாமத் குகையை எழுத்தாலேயே விவரிக்கும் கணினி விளையாட்டை எழுதினார். இங்கே நடுவர் மனிதரல்ல, இயந்திரம். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா அதே வகை உலகத்துக்குள் பலரை ஒன்றாக நுழையவிட்டார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். 'மட்' என்ற அந்த ஆட்டத்துக்கு வரிசையாக நகல்கள் முளைத்தன. அவற்றில் எனக்குப் பிடித்தது, 1989இல் கார்னகி மெலனில் ஜிம் ஆஸ்ப்னஸ் எழுதிய 'டைனிமட்'. சண்டையையும் மதிப்பெண்ணையும் விட்டுவிட்டு, பேசவும் அறைகள் கட்டவும் வழி செய்தார். முக்காற்புள்ளி போட்டு "சிரிக்கிறான்" என்று அடித்தால், அறையிலுள்ள எல்லோர் திரையிலும் உங்கள் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல் ஓடும். நடிப்பு திரும்பி வந்துவிட்டது!

மேசையா, எழுத்தா, இரண்டில் எது மேல்? மேசையில் வேகம் உண்டு. நடுவர் முகங்களைப் பார்த்தே யாருக்குச் சலிப்பு என்று கண்டுபிடித்துக் கதையைத் திருப்புவார். ஆனால் வாய் பெரியவர்கள் மற்றவர்களை அமுக்கிவிடுவார்கள். எழுத்தில் கூச்சக்காரனும் யோசித்து, அடித்துத் திருத்தி, அரச தோரணையில் பேசலாம். மற்றவர்கள் பதில் எழுதும்வரை காத்திருந்து, ஒரு கதவைத் திறக்க இரண்டு நாள் ஆவதுதான் தொல்லை. தொடங்குபவர்களுக்கு மேசைதான் நல்லது என்பேன். பாத்திரத்தின் மனதுக்குள் போக எழுத்துதான்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அடிப்படை விதிகள் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், தமிழாக்கி வெளியிடத் தடையில்லை. யாராவது கையிலெடுங்களேன்.