கூம்பு முறியும் இடம்

மணிமேகலையின் பளிக்கறை புக்க காதையில், காலவேகம் என்னும் மதயானை புகார் வீதிகளில் ஓடுகிறது. சாத்தனார் அதைப் புயலில் சிக்கிய மரக்கலத்துக்கு ஒப்பிடுகிறார். முதலில் கூம்பு அடியில் முறிகிறது, பின்பு இறுகிய கட்டுகள் அவிழ்கின்றன, கயிறுகள் அறுகின்றன, பாய் கிழிந்து இரைகிறது. உவமையின் வேகத்தை வியந்துவிட்டு அடுத்த அடிக்குப் போவதே என் வழக்கமாக இருந்தது. காசிமேட்டிலிருந்து வந்த மாணவர் ஒருவர்தான் நிறுத்தினார். "சார், அடியிலதான் முறியும். அங்கதான் மழைத்தண்ணி நிக்கும். எங்க தாத்தா பாய்மரத்த நிறுத்துறதுக்கு முன்னாடி அங்கதான் தட்டிப் பாப்பாரு."

உரைகளில் நான் காணாத விளக்கம் இது. கடல்நீரைவிடத் தேங்கும் மழைநீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்யும். மேலே பளபளப்பாக இருக்கும் மரம் அடியில் பஞ்சாகியிருக்கும்.

அந்த வாரமே ராயபுரத்தில் பெரியவரைச் சந்தித்தேன். "வாத்தியாரே, மரத்த கண்ணால பாக்காதே, காதால பாரு" என்றார். விரல் முட்டியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்னும்; உளுத்தது மந்தமாக ஒலிக்கும். கயிற்றைப் புறத்தே பார்த்தால் போதாது. முறுக்குக்கு எதிராகத் திருகிப் புரிகளைப் பிரித்து உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே தூள் உதிர்ந்தால் அந்தக் கயிறு விறகு கட்டத்தான் ஆகும். பாயில் முதலில் பார்க்க வேண்டியது நடுத்துணியை அன்று, கயிறு பிணைக்கும் மூலைகளை.

மதராஸ் கடற்கரைக்கு இந்தக் கவனம் உயிர்ப்பிரச்சினை. இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. செயற்கைத் துறைமுகத்தையும் கட்டிமுடிக்கும் முன்பே 1881 புயல் சிதைத்தது. அதற்கு முன்பெல்லாம் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே சரக்கையும் மனிதரையும் கரைசேர்க்கும். 1829-இல் எழுந்த ராயபுரம் புனித இராயப்பர் ஆலயம் அந்தப் படகோட்டிகளின் சமூகம் கட்டியது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை கோட்டைக் கொடியை இறக்கி, கப்பல்கள் இங்கே நிற்கலாகாது என்று அறிவிப்பார்கள். 1746 அக்டோபரில், மதராஸைப் பிடித்த கையோடு இங்கேயே தங்கிய லா பூர்தொன்னேயின் பிரெஞ்சுக் கப்பல்கள் ஓர் இரவுப் புயலில் சிதறின. சில மூழ்கின, பல கூம்பிழந்து மிதந்தன. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலம் அது.

நம் நூல்களில் முறிந்த கூம்பு நிறைய உண்டு. மதுரைக்காஞ்சியிலும் காற்று கூம்பை முறிக்கிறது. புறநானூற்று 30-ஆம் பாடலில் கூம்பும் பாயும் களையாமலே பெருங்கலம் புகாருக்குள் புகுகிறது. முறிவும் மிடுக்கும் பாடப்பட்டன. புறப்படும் முன் விடியலில் குனிந்து அடிமரத்தைத் தட்டியவனை யாரும் பாடவில்லை. கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-இல் வெளியிட்ட கப்பல் சாத்திரத்தின் அக்கறையோ கலம் கட்டுவதில்.

கட்டுமரக்காரர்களிடம் இந்த அறிவு தங்கியதற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. கட்டுமரம் ஒருமுறை கட்டி முடிக்கும் கலம் அன்று. கரைசேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவார்கள்; மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். ஆகவே சோதனை தனியொரு வேலையாக இல்லை, கட்டும் கையே சோதித்துவிடும். பெருங்கப்பலில் அது மறந்துபோகக்கூடிய கடமை. டாம்பியர் 1697-இல் தன் பயணநூலில் எழுதிய பிறகு உலகெங்கும் பரவிய 'காட்டமரான்' என்ற சொல் இன்று இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுகளைக் குறிக்கிறது. அவற்றில் அவிழ்த்துக் கட்ட ஏதுமில்லை.

பின்னர் இயந்திரங்கள் வந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. பாய்மரத்தோடு சொற்களும் ஒதுங்கின. ஆஞ்சான், தாமான், பருமல் ஆகியவை தென்கடல் தோணிக்காரர்களின் சொற்கள். ஜோ டி குரூஸின் நாவல்கள் வழியாக அவ்வுலகம் இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகமானது. ராயபுரத்துப் பெரியவர் எல்லாவற்றையும் வெறுமனே கயிறு என்றே சொன்னார். எனக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆஞ்சான் பாயை ஏற்றும் கயிறு என்பதை நான் அகராதியில் பார்த்துக்கொண்டேன். அது மரத்தின் உச்சித்துளையில் உராயும் ஒரு சாண் நீளம்தான் முதலில் தேயும் என்பதை, பெயர் சொல்லாமலே, அவர்தான் விரல் வைத்துக் காட்டினார்.