காரீயச் சுரங்கமும் கண்காணிக்கும் கண்ணும்

மின்கலத்தில் உள்ள கனிமம் எந்தச் சுரங்கத்திலிருந்து, எத்தகைய நிலைமையில் வந்தது என்பதைப் பெரிய நிறுவனங்கள் ஆராய வேண்டும்; அந்த ஆய்வை அவற்றைச் சாராத ஒருவர் சரிபார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய மின்கல ஒழுங்குவிதி இவ்வாறு கூறுகிறது. கோபால்ட், லித்தியம், நிக்கல் ஆகியவற்றுடன் இயற்கைக் காரீயமும் அதன் பட்டியலில் உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கவிருந்த இக்கடப்பாடு 2027 ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.

தமிழக வாசகர்கள் கிராஃபைட் என்பதையே இலங்கையில் காரீயம் என்கிறோம். சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்திலுள்ள போகல சுரங்கம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பெயர்பெற்றது. உலோகம் உருக்கும் மூசைகளுக்காக மேலை ஆலைகள் இலங்கைக் காரீயத்தை விரும்பி வாங்கின. முதல் உலகப் போர்க் காலத்தில் அந்த ஏற்றுமதி உச்சம் தொட்டது. 1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. போகல பின்னர் ஜேர்மன் நிறுவனமொன்றின் கைக்குச் சென்றது.

முதலாளியைச் சாராத சாட்சி என்னும் எண்ணம் இம்மலைகளுக்குப் புதியதன்று. சுரங்கத்தைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் அது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செயற்பட்டது. 1922இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தை அடுத்து, இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் இலங்கையில் நியமிக்கப்பட்டார். அவர் தோட்டந்தோறும் சென்றார். கூலி, லயன் வீடுகள், சிசு மரணம் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். துரைமாரின் கணக்கேட்டுக்கு வெளியே தொழிலாளியின் நிலை பதிவானது. 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உருவானதிலும் இந்திய அரசின் அழுத்தத்திற்குப் பங்குண்டு.

அவரிடம் தண்டிக்கும் அதிகாரம் இருக்கவில்லை. எனினும், ஆட்களை அனுப்புவதை நிறுத்தும் உரிமை அவரை அனுப்பிய அரசிடம் இருந்தது. 1939இல் அது உண்மையிலேயே நிறுத்தப்பட்டது. அறிக்கைக்குப் பின்னால் இத்தகைய பலம் நின்றதால்தான் அதற்கு மதிப்பிருந்தது என்று நான் கருதுகிறேன். அதன் குறையும் வெளிப்படையானது. அவருடைய பொறுப்பு இந்தியத் தொழிலாளரோடு முடிந்தது. அடுத்த குன்றின் அடியில் காரீயம் வெட்டிய சிங்களத் தொழிலாளிக்கு அப்படியொரு சாட்சி வாய்க்கவில்லை.

இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் நிலைமை வேறு. நிலச் சொந்தக்காரர், முதல் போட்டவர், குழியில் இறங்குபவர் ஆகியோர் கிடைத்த கல்லின் விலையைப் பங்கிட்டுக்கொள்வது அங்கு நெடுங்கால வழக்கம். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. குழியை மீள மூடுவதற்கு வைப்புப்பணம் பெறுகிறது. வணிகத்தை வளர்க்கும் கடமையும் அதே சபைக்குரியது. வளர்ப்பவரும் கண்காணிப்பவரும் ஒருவராக இருப்பது நேர்மைக் குறைவு என்று பொருளல்ல. ஆனால் அதை மூன்றாமவர் சாட்சி என்று எவரும் சொல்ல முடியாது.

இனி இத்தகைய சுரங்கங்களை நோக்கிப் பரிசோதகர்கள் வருவார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? குழியில் இறங்குபவரிடம் அவருடைய மொழியில், மேற்பார்வையாளர் அருகில் இல்லாதபோது பேசுவார்களா? குறை கண்டால் கொள்முதல் நிற்குமா? தோட்ட வரலாற்றை அறிந்தவர்கள் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் இம்மூன்றையும் கேட்பார்கள்.