வரிச்சலுகை யாரை எண்ணுகிறது?

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழும்பிப் போகிற ஆளா நீங்கள்? அடுத்த முறை கொஞ்சம் பொறுத்திருந்து பாருங்கள். ரொறன்ரோவிலோ வன்கூவரிலோ எடுத்த படம் என்றால், கடைசியில் கனடிய அரசின் பெயரும் மாகாண அரசின் பெயரும் வரிச்சலுகை என்ற சொல்லோடு சேர்ந்து வரும். கதை நியூயோர்க்கில் நடப்பதாக இருக்கும், எடுத்தது எங்கள் ஊர்த் தெருவில். அதற்குப் பெரிய காரணம் அந்தக் கடைசி வரிதான்.

அந்த வரிக்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறோம் அல்லவா, அதற்கும் இந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

1974இல் கனடிய அரசு ஒரு சலுகையை அறிவித்தது. கனடியப் படம் என்று சான்றிதழ் பெற்ற ஒரு படத்தில் நீங்கள் பணம் போட்டால், போட்ட தொகையை 100 வீதமும் அந்த வருட வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். படம் ஓடினாலும் சரி, பெட்டிக்குள் கிடந்தாலும் சரி. அதிக வரி கட்டுகிற பல் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் திடீரென்று சினிமாவில் பங்காளிகள் ஆனார்கள். 1979இல் மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் பல தியேட்டர் பக்கமே வரவில்லை. முதலீட்டாளருக்குத் தேவைப்பட்டது படம் அல்ல, டிசெம்பர் 31க்கு முன் ஒரு செலவுக் கணக்கு.

டேவிட் குரோனன்பேர்க்கின் ‘ஸ்கானர்ஸ்’ அந்த அவசரத்தில் பிறந்தது. மொன்றியலில் படப்பிடிப்புத் தொடங்கியபோது திரைக்கதை முடிந்திருக்கவில்லை. இயக்குநர் காலையில் எழுதி, அதே நாளில் எடுத்தார். 1981இல் வெளிவந்து அமெரிக்காவிலும் நன்றாக ஓடியது. “பார்த்தீர்களா, சலுகை வேலை செய்தது” என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. குரோனன்பேர்க்கை முதலில் தூக்கிவிட்டது வரிக்கழிவு அல்ல. அவருடைய ‘ஷிவர்ஸ்’ படத்தில் அரசின் திரைப்பட வளர்ச்சி நிறுவனம் நேரடியாகப் பணம் போட்டது. 1975இல் அது வந்தபோது, பொதுமக்களின் பணத்தில் இப்படியொரு அருவருப்பான படமா என்று ரொபேர்ட் புல்ஃபோர்ட் என்ற விமர்சகர் ஒரு சஞ்சிகையில் கிழித்தெடுத்தார். ஆனால் அங்கே யாரோ ஒருவர் திரைக்கதையை வாசித்து, இந்த ஆளை நம்பலாம் என்று முடிவெடுத்திருந்தார். வரிக்கழிவு யாரையும் வாசிக்கவில்லை, பற்றுச்சீட்டை மட்டும் பார்த்தது.

1980களில் அந்தக் கழிவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1995இல் வந்த புதிய முறைதான் இன்றும் நடக்கிறது. இதில் கணக்கு தலைகீழ். பணம் போட்டவருக்கு அல்ல, வேலை செய்தவர்களின் சம்பளத்துக்குச் சலுகை. கனடியப் படமென்றால் தகுதியான சம்பளச் செலவில் 25 வீதத்தை மத்திய அரசு தயாரிப்பாளருக்குத் திருப்பித் தருகிறது. ஒன்ராறியோ, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மாகாணங்கள் தங்கள் பங்கைத் தனியாகத் தருகின்றன.

எது கனடியப் படம்? அதற்குப் பத்துப் புள்ளிகள். இயக்குநருக்கு 2, திரைக்கதை எழுதியவருக்கு 2, முதல் இரண்டு நடிகர்களுக்கு ஒவ்வொன்று, ஒளிப்பதிவு, கலை, இசை, படத்தொகுப்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. குறைந்தது 6 வேண்டும். கதை எதைப் பற்றியது என்று யாரும் கேட்பதில்லை. செய்தவர் யார் என்பதுதான் கேள்வி.

இந்த முறையை எழுதியவர்கள் சம்பளம் வாங்குகிறவர் மனிதர் என்று தனியாக எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். இப்போது எழுத வேண்டியிருக்கிறது. ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் சி.ஆர்.ரி.சி, கனடிய நிகழ்ச்சி என்பதற்கான தன் வரையறையை 2025 நவம்பரில் புதுப்பித்தபோது, முக்கிய படைப்புப் பொறுப்புகளில் இருப்பவர்கள் மனிதர்களாகவே இருக்க வேண்டும் என்று சொன்னது.

நல்லது. ஆனால் அது மேலே உள்ளவர்களுக்கு. கீழே இருப்பவர்களைப் பாருங்கள். கணினி அனிமேஷனுக்கும் காட்சி விளைவுகளுக்கும் ஒன்ராறியோ தனியாக 18 வீதச் சலுகை தருகிறது, அதுவும் சம்பளத்துக்குத்தான். ஒரு கலைஞருக்கு 1000 டொலர் கொடுத்தால் 180 டொலர் திரும்பி வரும், நிறுவனத்துக்குச் செலவு 820. அதே வேலையை ஒரு மென்பொருள் 50 டொலருக்குச் செய்தால், சலுகையே இல்லாவிட்டாலும் மென்பொருள்தான் மலிவு. பிரேம் பிரேமாகக் கம்பிகளை அழிப்பதும், பின்னணியை வெட்டி எடுப்பதும்தான் எங்கள் வயதுக்காரர் பலர் இந்தத் துறைக்குள் நுழைகிற வாசல். அந்த வாசலை இந்த 18 வீதம் அதிக நாள் பிடித்துவைத்திருக்காது.

இன்னொரு சின்ன விதியும் இருக்கிறது. வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்கான ஒன்ராறியோச் சலுகை முதலில் சம்பளத்துக்கு மட்டும் இருந்தது. 2009இல் வாடகை, கருவிகள் என்று தகுதியான எல்லாச் செலவுகளுக்கும் விரிந்தது. 2015இல் அதை 21.5 வீதமாகக் குறைத்தபோது ஒரு நிபந்தனையும் சேர்த்தார்கள்: கோரும் செலவில் நாலில் ஒரு பங்காவது ஒன்ராறியோச் சம்பளமாக இருக்க வேண்டும். அப்போது அது பெரிய செய்தியே இல்லை. இன்று எனக்கு அந்த முழுச் சட்டத்திலும் முக்கியமான வரி அதுதான்.

எங்கள் வீட்டுக் கதைக்கும் வருகிறேன். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ நாவலை தீபா மேத்தா 2020இல் படமாக்கினார். கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பம், 1983 வரை வளரும் கதை. கனடா அதை ஒஸ்காருக்கே அனுப்பியது, ஆங்கிலம் கூடிவிட்டது என்று ஒஸ்கார்காரர் சர்வதேசப் பிரிவில் ஏற்கவில்லை. அதற்குள் இங்குள்ள தமிழர் பலர் வேறொரு கேள்வியை எழுப்பியிருந்தார்கள்: முக்கிய வேடங்களில் ஏன் தமிழர் இவ்வளவு குறைவு, அந்தத் தமிழ் ஏன் எங்கள் வீட்டுத் தமிழ் மாதிரிக் கேட்கவில்லை? பத்துப் புள்ளிப் பட்டியலில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அது கடவுச்சீட்டை எண்ணும், நாக்கை எண்ணாது.

2024இல் வந்த ‘த புரூட்டலிஸ்ட்’ படத்தில் நடிகர்களின் ஹங்கேரிய உச்சரிப்பைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு திருத்தினார்கள். அதே கருவி நாளைக்கு யாழ்ப்பாணத் தமிழையும் திருத்தும். அப்போது “உச்சரிப்புப் பிழை” என்று நாங்கள் குறை சொல்ல முடியாது. தமிழ் நடிகரைத் தேட வேண்டிய காரணமும் ஒன்று குறைந்துவிடும். செற்றில் நின்று “அப்பிடி இல்லை, இப்பிடிச் சொல்லுங்கோ” என்று சொல்லிக்கொடுக்கிற அம்மம்மாவோ அண்ணாவோ தேவைப்பட மாட்டார். அவருக்கு இப்போதும் அந்தப் பத்தில் ஒரு புள்ளியும் கிடையாது.