மியூனிக் மாநகரம் கற்ற பாடம்

கணினி என்னும் பொறி தானாக ஒன்றுஞ் செய்ய வல்லதன்று. கடிதம் எழுதுவதற்கு ஒரு மென்பொருள், கணக்கிடுவதற்கு ஒரு மென்பொருள், படம் பார்ப்பதற்கு மற்றொன்று எனப் பல அதனுட் பணிபுரிகின்றன. இவை யாவற்றுக்கும் அடித்தளமாய் நின்று, பொறிக்கும் மனிதனுக்கும் இடையே தரகு செய்வது எதுவோ, அதனையே பணிசெயல் முறைமை என்பர். விண்டோஸ் அத்தகைய ஒன்று, லினக்ஸ் பிறிதொன்று. ஒன்றிற் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது, பல்லாண்டு அனுபவம் உடையவராயினும், மீண்டும் தொடக்க மாணாக்கராகிவிடுகிறார். தனிமனிதர் ஒருவருக்கு இது சில வாரத் தொல்லை. ஒரு மாநகரத்தின் உத்தியோகத்தர் பல்லாயிரவர் தொடக்க மாணாக்கரானால் என்னாகும்? ஜேர்மனியின் தென்பகுதியில், பவேரியா மாநிலத்தின் தலைநகராகிய மியூனிக்கின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகின்றது.

2003ஆம் ஆண்டளவில் மியூனிக் மாநகர சபையின் அலுவலகங்களிற் சுமார் 14,000 கணினிகள் இருந்தன. அவற்றிற் பெரும்பாலும் 1996ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் என்.டி. 4 என்னும் முறைமையே இயங்கிற்று. அதனை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனம், அப்பதிப்புக்கு வழங்கிவந்த பராமரிப்பை நிறுத்த முடிவு செய்திருந்தது. பராமரிப்பு நின்றுவிட்டாற் புதிதாய்த் தோன்றும் குறைகளைத் திருத்துவார் எவருமிலர். ஆகவே, புதிய விண்டோஸை விலைகொடுத்து வாங்குவதா, அன்றி வேறு வழி நாடுவதா என்னும் கேள்வி மாநகர சபையின் முன் எழுந்தது.

வேறு வழி என்பது லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திலே மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991ஆம் ஆண்டு அதன் கருவை எழுதி உலகுக்கு அளித்தார். அமெரிக்கராகிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு அறிவித்த க்னூ திட்டத்தின் மென்பொருள்களோடு அது இணைந்து, முழுமையான ஒரு முறைமையாயிற்று. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்பதே அதன் தனிச்சிறப்பு.

இச்செய்தி மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்குக் கவலையை அளித்தது. அதன் தலைமை அதிகாரியாயிருந்த ஸ்டீவ் பால்மர் தாமே மியூனிக்குக்குச் சென்று, நகரபிதா கிறிஸ்டியான் ஊடே என்பவரைச் சந்தித்தார். விலையும் குறைக்கப்பட்டது. எனினும், 2003 மே 28ஆம் நாள் மாநகர சபை லினக்ஸின் பக்கமே தீர்மானித்தது. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. விலை குறைக்கப்பட்ட பின்னர் லினக்ஸ் திட்டமே கூடிய செலவுடையதாய் இருந்தது. ஆதலின் மலிவு கருதி அம்முடிவு எடுக்கப்பட்டதன்று. மக்களின் பிறப்புப் பதிவும் வரிக்கணக்கும் தங்கியுள்ள பொறிகள் ஒரே விற்பனையாளரின் விருப்பத்தைச் சார்ந்திருத்தல் தகுமா என்பதே அங்கு எழுந்த பெரும் வினா.

தீர்மானித்தல் எளிது, நிறைவேற்றுதலே அரிது. மாற்றத்தை நடத்தியவர்கள் ஒரு நல்ல முறையைக் கைக்கொண்டனர். அடித்தளத்தை ஒரே நாளிற் பெயர்த்தெடுக்காமல், அதன்மேல் இயங்கும் கருவிகளை முதலில் மாற்றினர். விண்டோஸ் இருந்தபடியே இருக்க, அதிலேயே ஓப்பன் ஒபிஸ் என்னும் எழுத்துக் கருவியும், பயர்பொக்ஸ் என்னும் இணைய உலாவியும் நிறுவப்பட்டன. இவை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே தன்மையாய் இயங்குவன. இலிகிதர் ஒருவர் புதிய கருவியோடு சில காலம் பழகிவிட்டால், பின்னர் அடித்தளம் மாறும்போது அவர் கைக்குப் பழகியது அங்கும் இருக்கும். புதியவருக்கு ஒரே வேளையில் இரண்டு அந்நியங்களைக் காட்டலாகாது என்பதே இம்முறையின் உட்பொருள்.

2006 செப்டெம்பரில் முதற் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. நகரின் பெயரையும் முறைமையின் பெயரையும் இணைத்து, இப்புதிய ஆக்கத்துக்கு லிமுக்ஸ் எனப் பெயரிட்டனர்.

அதன் பின்னரே உண்மையான இடர்கள் வெளிப்பட்டன. மாநகர சபையில் 22 கணினிப் பிரிவுகள் தனித்தனியே இயங்கிவந்தன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வழக்கத்தை உடையது. அலுவலகக் கடிதங்களுக்கும் விண்ணப்பங்களுக்குமான மாதிரிப் படிவங்கள் பல்லாயிரம், பழைய மென்பொருளோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்திருந்தன. பொறியை மாற்றுவது சில மணி நேர வேலை. அப்படிவங்களைத் தேடி எடுத்து, வேண்டாதவற்றை நீக்கி, வேண்டியவற்றைத் திருத்தி அமைப்பது சில ஆண்டு வேலையாயிற்று. இதன்பொருட்டு மாநகர சபை தானே வொல்முக்ஸ் என்னும் மென்பொருளை ஆக்கி, 2008ஆம் ஆண்டு பிறரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது.

குறித்த காலத்திலும் பிந்தி, 2013ஆம் ஆண்டின் இறுதியிலே பணி நிறைவெய்திற்று. அப்பொழுது ஏறக்குறைய 15,000 கணினிகள் லிமுக்ஸில் இயங்கின. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மீதமாயிற்றென மாநகர சபை கணக்குக் காட்டியது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் சார்பில் நடந்த ஆய்வொன்று அதனை மறுத்தது. அதே ஆண்டில், விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பழைய முறைமையின் பராமரிப்பு முடிவுறவிருந்தமையால், வீடுகளில் அதனைப் பயன்படுத்திய பொதுமக்களுக்கென நகர நூலகத்தில் லினக்ஸ் அடங்கிய குறுந்தட்டுகள் இலவசமாய் வழங்கப்பட்டன.

ஆயினும் கதை அவ்வளவில் முடியவில்லை. 2014ஆம் ஆண்டு டீட்டர் ரைட்டர் நகரபிதாவானார். வெளியிடங்களிலிருந்து வரும் ஆவணங்கள் சரிவரத் திறப்பதில்லை, வேலைகள் தாமதமாகின்றன என்னும் முறைப்பாடுகள் மேலெழுந்தன. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஆலோசகர் அறிக்கையொன்று, பெரிய குறைகள் பொறிநுட்பத்தில் அல்ல, கணினிப் பிரிவுகள் சிதறிக் கிடக்கும் நிருவாக அமைப்பிலேயே உள்ளன எனக் கூறிற்று. அவ்வாறிருந்தும் 2017 நவம்பரில் மாநகர சபை மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. அதற்கான செலவு ஏறக்குறைய 5 கோடி யூரோ என மதிப்பிடப்பட்டது. ஒருமுறை தொடக்க மாணாக்கராகிப் பழகி முடித்த உத்தியோகத்தர்கள் இரண்டாம் முறையும் தொடக்க மாணாக்கராகினர். பின்னர் 2020ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த கூட்டணி, இயன்ற இடங்களிலெல்லாம் திறந்த மென்பொருளுக்கே முதலிடம் தரப்படும் என உடன்பட்டது.

இதனைக் கண்டு, இத்தகைய மாற்றமே இயலாதது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. பிரான்சு நாட்டின் ஜோன்தார்மெரி என்னும் காவற் படையும் இதே பாதையிற் சென்றது. 2005ஆம் ஆண்டு எழுத்துக் கருவி மாறியது. 2006ஆம் ஆண்டு உலாவியும் மின்னஞ்சற் கருவியும் மாறின. 2008ஆம் ஆண்டே லினக்ஸுக்குச் செல்ல முடிவாயிற்று. இன்று அப்படையில் 70,000இற்கு மேற்பட்ட கணினிகள் லினக்ஸில் இயங்குகின்றன. பயனாளர் கண்ட பெரிய வேறுபாடுகள் திரையிலுள்ள சின்னங்களும் விளையாட்டுகளுமே என அப்படையின் அதிகாரியொருவர் 2009ஆம் ஆண்டு கூறினார். விளையாட்டு அலுவலகத்துக்கு வேண்டியதன்று என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார். ஜேர்மனியிலேயே, ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024ஆம் ஆண்டு சுமார் 30,000 கணினிகளை மாற்றப் போவதாக அறிவித்தபோது, அங்கும் எழுத்துக் கருவியே முதலில். பணிசெயல் முறைமை பின்னர்.

மியூனிக்கும் பிரெஞ்சுப் படையும் ஏறக்குறைய ஒரே வரிசை முறையைக் கைக்கொண்டன. ஒன்று திரும்பி வந்தது. மற்றொன்று நிலைத்து நின்றது. படைக்கு ஒரே தலைமையும் ஒரே ஒழுங்கும் உண்டு. மாநகர சபையிலோ பிரிவுகள் பல. தேர்தலோடு தலைமையும் மாறிற்று. மாற்றம் ஒன்றை நிலைநிறுத்துவது பொறியின் வன்மை மாத்திரமன்று. அதனைத் தொடங்கியோரின் உறுதி, அவர்க்குப் பின் வருவோரிடத்தும் தொடர்தல் வேண்டும்.

வீட்டிலே ஒரு கணினியை வைத்திருக்கும் புதியவருக்கும் இவ்வரலாற்றில் ஒரு வழி உண்டு. அவர் முதலில் தம் கோப்புகள் யாவற்றுக்கும் வேறோரிடத்திற் பிரதி எடுத்துவைத்தல் நன்று. பின்பு, இரு முறைமைகளிலும் இயங்கும் கருவிகளைப் பழைய தளத்திலேயே நிறுவிப் பழகுதல் வேண்டும். அதன் பின்னர், எதனையும் அழிக்காமல், சிறு நினைவுக்கோலிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். பழைய படிவங்களில் எவை திறக்கின்றன, எவை திறக்கவில்லை என்பது அப்பொழுதே தெரிந்துவிடும். அதனை அறிந்த பின்னர் மாறுவதும் மாறாதிருப்பதும் அவர் விருப்பம். எவ்வழியாயினும், அது அறிந்து செய்த தெரிவாயிருக்கும்.